பஸ்ஸுக்குப் பின்னால் ஓடிய பியட்

பழைய கார் வச்சிருக்கிறவங்க எல்லாரும் என் கடை வாசல்ல வந்து இறங்கினதும் சொல்ற முதல் வார்த்தை ஒண்ணுதான்: "நான் எதையும் தொடலை."

இதை நான் ஒரு நாளும் நம்பினது கிடையாது. கையில கிரீஸ் கறை ஈரம் காயாம இருக்கும். சட்டைப்பையில ஸ்க்ரூடிரைவர் தலையை நீட்டிக்கிட்டு இருக்கும். ஆனா தொடலையாம். பழைய கார் வச்சிருக்கிற அன்பர்களே, அவங்களைவிடப் பாவப்பட்ட அவங்க வீட்டம்மாக்களே, இது உங்களுக்குத் தெரியாத சங்கதி இல்ல. நாம எல்லாரும் ஏதோ ஒரு ரோட்டோரத்துல பானட்டைத் திறந்து வச்சுக்கிட்டு, போறவன் வர்றவன் சொல்ற யோசனையை எல்லாம் கேட்டுக்கிட்டு நின்னவங்கதான்.

என் கடை மேலகரத்துல, தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவுல. என் பேரு செல்வி. நான் பார்க்கிறது காயில், மாட்யூல். பேட்டரியில இருந்து வர்ற சாதாரண கரண்டை, பிளக்குல பொறி பறக்கிற அளவுக்கு ஏத்திக் கொடுக்கிறது காயில். அந்தக் கரண்டைச் சரியான நேரத்துல வெட்டி விடறதுக்கு முன்னெல்லாம் பிளாட்டினம் பாயிண்ட்னு ஒண்ணு இருந்துச்சு. இப்போ நிறைய பேர் அதை எடுத்துட்டு, அந்த இடத்துல சின்னதா ஒரு எலக்ட்ரானிக் மாட்யூல் போட்டுக்கிறாங்க. காயில் இழுக்கிற கரண்டை மாட்யூல் தாங்கணும். தாங்கலேன்னா வண்டி நடுரோட்டுல நின்னுரும். படிப்பு அவ்வளவுதான். மீட்டர் ஒண்ணு வேணும், ஆளை நம்பாம மீட்டரை நம்புற மனசும் வேணும்.

என் கடைக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. அழுக்கு இன்ஜினை நான் தொட மாட்டேன். துடைச்சுக் கொண்டு வாங்கன்னு போர்டே எழுதிப் போட்டிருக்கேன். அந்தப் போர்டு எனக்கே வினையா வந்து நிக்கும்னு அப்போ தெரியாது.

அண்ணாச்சி எங்க?

கடைக்கு உள்ள நுழையிறவங்க என்னைப் பார்ப்பாங்க, எனக்குப் பின்னால பார்ப்பாங்க, அப்புறம் கேப்பாங்க: "அண்ணாச்சி இல்லையா?" அண்ணாச்சின்னா எங்க வீட்டுக்காரர். அவர் உள்ள உட்கார்ந்து டைனமோ, செல்ப் மோட்டார் பார்ப்பார். காயில் பக்கம் வர மாட்டார். வந்தா நான் விட மாட்டேன்.

குற்றாலத்துல லாட்ஜ் வச்சிருக்கிற ஒருத்தர் அம்பாசடர்ல வந்தார். சீசன் வந்தா அவர் வண்டி ஓடுறதைவிட நிக்கிறது அதிகம். சூடேறினா நின்னுரும், ஆறினா ஓடும். புதுக் காயில் மாத்தி மாத்திப் போட்டுக்கிட்டே இருக்கார், திரும்பவும் அதே மாதிரி ஒண்ணு கொடுங்கன்னு கேட்டார். நான் மீட்டரை வச்சுப் பார்த்தேன். காயில்ல ஒரு குத்தமும் இல்ல. ஆனா அது, முன்னால கரண்டைக் குறைச்சு விட ஒரு ரெசிஸ்டர் இருந்தாதான் ஓடுற ஜாதிக் காயில். இவர் வண்டியில ரெசிஸ்டரே கிடையாது. முழுக் கரண்டும் நேரா உள்ள போனா, பாவம் அது கொதிக்காம என்ன செய்யும்? சொன்னேன். அவர் தலையைத் திருப்பி உள்ள பார்த்து, "அப்படியா அண்ணாச்சி?"ன்னு கேட்டார். எங்க வீட்டுக்காரர் தலையைத் தூக்காமலே, "அவ சொன்னா அப்படித்தான் இருக்கும்"னார்.

அரை மனசோடதான் நான் கொடுத்த காயிலை மாட்டிக்கிட்டுப் போனார். சீசன் முழுக்க வண்டி ஒரு இடத்துல நிக்கலை. சாரல் ஓய்ஞ்ச பிறகு ஒரு பை நிறைய மங்குஸ்தான் பழத்தோட வந்து நின்னார். என் முகத்தைப் பார்த்துச் சந்தோஷமா சொன்னார்: "நீ சொன்னது அம்புட்டும் சரிதாம்மா. இதையே அண்ணாச்சி சொல்லியிருந்தாருன்னா நான் அன்னைக்கே நம்பிருப்பேன்."

ரேடியோ கேட்ட காயில்

சுப்பையா அண்ணாச்சி கடையத்துக்காரர். ரிட்டயர்டு சப்-இன்ஸ்பெக்டர். மீசையைப் பார்த்தாலே நாம செய்யாத தப்பையும் ஒத்துக்கிட்டுப் போயிரலாம்னு தோணும். ரிட்டயர் ஆனதும் ஒரு பழைய பியட்டை வாங்கி, பெயிண்ட் அடிச்சு, சீட்டெல்லாம் புதுசாத் தைச்சு வீட்டு முன்னால நிறுத்தினார். ஆசை ஒண்ணே ஒண்ணுதான். சம்சாரம் ஆவுடையம்மாளை, எனக்கு மதினி முறை, முன் சீட்டுல உட்கார வச்சு ஓட்டணும்.

முதல் பயணத்துலயே சனியன் பிடிச்சுது. மக வீட்டுல பேரன் பிறந்திருக்கான்னு ரெண்டு பேரும் புனலூருக்குக் கிளம்பியிருக்காங்க. வழியில குற்றாலத்துல இறங்கி மதினி அருவிக்குப் போக, அண்ணாச்சி எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சுட்டு முன்னாலயே வந்துட்டார். கார்ல உட்கார்ந்து, சாவியைத் திருப்பி வச்சு, ரேடியோவுல பாட்டு கேட்டிருக்கார். இன்ஜின் ஓடலை, சாவி மட்டும் ஆன்ல இருக்கு. அப்படி வச்சா காயில் அடுப்புல வச்ச வெறும் சட்டி மாதிரி காய்ஞ்சுக்கிட்டே இருக்கும். மதினி குளிச்சு, தலை துவட்டி, பட்டுப்புடவை கட்டி வர்றவரைக்கும் அது காய்ஞ்சிருக்கு. புளியரை மலை ஏத்தத்துல, வளைவுல, கொட்டுற மழையில அது உயிரை விட்டுருச்சு. பின்னால லாரி வரிசை. ஹார்ன் சத்தம். மதினி பட்டுப்புடவையோட இறங்கி வண்டியைத் தள்ளியிருக்காங்க. தள்ளி ஓரமா நிறுத்தின கையோட, பின்னால வந்த பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தி ஏறி உட்கார்ந்துட்டாங்க. இனி இந்த வண்டியில ஏற மாட்டேன்னு சொன்னது பஸ் ஜன்னல் வழியாத்தான்.

அண்ணாச்சி கடைக்கு வந்ததும் முதல்ல என்ன சொன்னார்னு நீங்களே சொல்லிருவீங்க. எதையும் தொடலையாம். நான் காயிலைக் கழட்டி மோந்து பார்த்தேன். "சாவியப் போட்டுட்டு எம்புட்டு நேரம் உக்காந்திருந்தீய?"ன்னு கேட்டேன். மீசையைத் தடவிக்கிட்டே, ரேடியோவை மட்டும் தொட்டேன்னார். அதுக்கு மேல அந்த மனுசனைத் திட்ட எனக்கு வாய் வரலை, ஏன்னா அடுத்து அவர் சொன்னது இது: "சர்வீஸ் பூரா நான் ஜீப்புல, அவ பஸ்ல. ரிட்டயரான பொறவும் அவ பஸ்லதான் போவான்னா, நான் இந்த வண்டிய எதுக்கு வாங்குனேன் செல்வி?"

எஸ்கார்ட்

புதுக் காயில் மாட்டினதோட, பாயிண்டை எடுத்துட்டு அதுக்குப் பொருத்தமான மாட்யூலும் போட்டுக் கொடுத்தேன். வண்டி பூ மாதிரி ஓடுச்சு. மதினி ஏறலை. வாக்குன்னா வாக்கு.

ஒரு வெள்ளிக்கிழமை நான் கடையத்துல ஒரு விசேஷத்துக்குப் போயிட்டு பஸ்ல வந்துக்கிட்டிருந்தேன். பக்கத்து சீட்டுல மூக்குத்தியும் மல்லிகைப் பூவுமா ஒரு அம்மா. மத்தளம்பாறை தாண்டுறதுக்குள்ள எத்தனை தடவை பின்னால திரும்பிப் பார்த்தாங்கன்னு கணக்கே இல்ல. என்னத்தைப் பார்க்காங்கன்னு நானும் திரும்பினேன். பஸ்ஸுக்குப் பின்னால நம்ம பியட். ஸ்டியரிங்குல நம்ம அண்ணாச்சி. அப்போ பக்கத்துல உட்கார்ந்திருக்கிறது மதினியேதான். வெள்ளிக்கிழமை தென்காசிக் கோயிலுக்கு மதினி பஸ்ல போவாங்க, அண்ணாச்சி கார்ல பின்னாலயே வருவார், ரெண்டு பேரும் கோயில் வாசல்ல சேர்ந்து உள்ள போவாங்க. இதான் ஏற்பாடு.

என் மீட்டர்ல பார்த்த வண்டிக்கு இப்படி ஒரு அவமானமான்னு எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. "மதினி, நாந்தான் அந்த வண்டியப் பாத்தது, தைரியமா ஏறுங்க"ன்னேன். அவங்க திரும்பவும் பின்னாலதான் பார்த்தாங்க. அதுக்குள்ள டிக்கெட் போட வந்த கண்டக்டர் பின் கண்ணாடி வழியா எட்டிப் பார்த்துட்டு, பஸ்ஸுக்கே கேக்கிற மாதிரி சொன்னார்: "யம்மா, மந்திரி போனாக்கூட எஸ்கார்ட் வண்டி இம்புட்டு ஒழுங்கா வராது. உங்களுக்கு வருது பாத்தியளா."

சிவப்பு ஸ்டிக்கர்

அந்தக் கண்டக்டர் பேச்சு எப்படியோ அண்ணாச்சி காதுக்கும் போயிருக்கு. மதினி ஏறாததுக்குக் காரணம் வண்டியில இன்னும் வேகம் பத்தலைன்னு அவரே ஒரு முடிவுக்கு வந்துட்டார். போலீஸ் மூளை எங்க போய் எதைக் கண்டுபிடிக்கும்னு சொல்ல முடியாது. போன்ல தேடி, ரேஸ் வண்டிக்குப் போடுற காயில் ஒண்ணை வரவழைச்சு, தானே மாட்டியிருக்கார். கொஞ்ச நாள் வண்டி துள்ளிக்கிட்டு ஓடியிருக்கு. அப்புறம் ஆயிரப்பேரி விலக்குல படுத்துருச்சு. கயிறு கட்டி இழுத்துக்கிட்டு வந்தாங்க.

"நான் எதையும் தொடலை"ன்னார். பானட்டைத் திறந்தா உள்ள நான் போடாத காயில் ஒண்ணு பளபளன்னு உட்கார்ந்திருக்கு. மீட்டரை வச்சேன். நான் போட்டது எவ்வளவு கரண்டு இழுக்குமோ, அதைவிடப் பல மடங்கு இழுக்கிற காயில். அதை நல்ல காயில்னுதான் சொல்லணும். அதுக்குன்னு தனியா ஒரு பெரிய மாட்யூல் உண்டு. இந்தச் சின்ன மாட்யூல் தலையில அதைக் கொண்டுபோய்க் கட்டினா அது கருகித்தான் போகும். கருகிப் போயிருந்துச்சு. கழட்டி அவர் உள்ளங்கையில வச்சேன். "பெட்டியில காயிலோட ஓம், அதான் தடை அளவு, எவ்வளவுன்னு அச்சடிச்சிருந்தானே, பாக்கலையா அண்ணாச்சி?"ன்னு கேட்டேன். மீசையெல்லாம் தொங்கிப்போயி அந்த மனுசன் சொன்னார்: "மத்ததெல்லாம் கருப்பா இருந்துச்சு, இது சிவப்பு ஸ்டிக்கரா இருந்துச்சு. சரி, வீரியமானதுன்னு வாங்கிட்டேன்."

இறங்கி நடந்த மாப்பிள்ளை

இதே மாதிரி தலைவலி வேற வண்டிக்கும் உண்டு, அண்ணாச்சியை மட்டும் சொல்லி என்ன? அச்சன்புதூர்ல மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக்கு விடுற அம்பாசடர் ஒண்ணு. ரோட்டுல விட்டா பறக்கும். ஊர்வலத்துல மட்டும் நின்னுரும். மேளத்துக்குப் பின்னால ஆமை மாதிரி ஊரும்போதுதான் பிரச்சினை. மேலே சீரியல் லைட்டு, உள்ள பாட்டுப் பெட்டி, முன்னால ஹெட்லைட்டு. வேகமே இல்லேன்னா டைனமோ பேட்டரிக்கு ஒண்ணும் கொடுக்காது, எல்லாரும் சேர்ந்து பேட்டரியைப் பிடுங்கித் தின்னுக்கிட்டு இருப்பாங்க. அதுல மாட்யூலுக்குப் போற கரண்டை வேற யாரோ பழைய ரெசிஸ்டர் கம்பிக்குப் பின்னால இருந்து எடுத்துக் கொடுத்திருக்காங்க. மிச்சம் மீதிதான் அதுக்கு வரும். அது பத்தாம மாட்யூல் கண்ணை மூடிரும். வண்டி நிக்கும்.

வயரை ரெசிஸ்டருக்கு முன்னால மாத்திப் போட்டதும் சரியாப் போச்சு. ஆனா அதுக்கு முந்தின முகூர்த்தத்துல ஒரு மாப்பிள்ளை பாதி வழியில இறங்கி மாலையோட நடந்தே மண்டபத்துக்குப் போயிருக்கார். அவரே பிறகு தன் பைக் காயிலுக்காக என் கடைக்கு வந்தார். கோபத்துல இருப்பாரோன்னு பார்த்தா, சிரிச்சுக்கிட்டே சொன்னார்: "இறங்கி நடந்த பொறவுதான் அக்கா ஊருக்கே நாந்தான் மாப்பிளைன்னு தெரிஞ்சுது. அதுவரைக்கும் எல்லாவனும் லைட்டைத்தான் பாத்துட்டு இருந்தான்."

இங்கிலீஷ்காரன் வயர்

கேரளாவுல ஆரியங்காவுல இருந்து ஒரு ரப்பர்த் தோட்டக்காரர், அந்தக் காலத்து இங்கிலீஷ் கார்ல வந்தார். புது மாட்யூல் வாங்கி அவரே மாட்டி, சாவியைத் திருப்பினதும் புகை. அந்தக் காலத்து இங்கிலீஷ் வண்டிகள்ல பேட்டரியோட பிளஸ்ஸைத்தான் பாடியில கட்டியிருப்பான், மத்த வண்டிக்கெல்லாம் மைனஸ். பாயிண்டுக்கு அது ஒரு பொருட்டே இல்ல. மாட்யூலுக்கு உயிர்ப் பிரச்சினை. கருகினதைத் தூக்கி ஓரமா வச்சுட்டு, அதுக்குன்னே வர்ற மாட்யூலை எடுத்து மாட்டினேன். நான் பிளஸ் மைனஸ் கதையெல்லாம் சொல்லி முடிக்கிறவரைக்கும் பொறுமையாக் கேட்டுட்டு, ஒரு பெருமூச்சு விட்டுட்டுச் சொன்னார்: "சேச்சி, இங்கிலீஷ்காரன் போயிட்டு எத்ர காலமாயி. அவன்றெ வயர் மாத்ரம் போயில்லல்லோ."

வெள்ளிக்கிழமை விரதம்

சுப்பையா அண்ணாச்சி வண்டிக்கு வருவோம். சிவப்பு ஸ்டிக்கரைத் தூக்கிப் போட்டுட்டு, பழையபடி பொருத்தமான காயில், பொருத்தமான மாட்யூல் போட்டாச்சு. மீட்டர்ல எல்லாம் சுத்தம். இனி இதுல ஒரு குறை வந்தா நான் கடையை மூடிட்டு இட்லிக் கடை போடுறேன்னு எங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன். சொன்ன வாரமே வண்டி நின்னுது.

அதுவும் எப்படி? திங்கள்ல இருந்து வியாழன் வரைக்கும் ஓடும். வெள்ளிக்கிழமை காலையில கிளம்பினதும் இருமும், உதறும், மாதாபுரம் தாண்டுறதுக்குள்ள நின்னுரும். கொஞ்ச நேரம் கழிச்சு ஸ்டார்ட் பண்ணினா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடும். பஸ்ல போற மதினி, பின்னால பியட்டைக் காணோம்னதும் அடுத்த ஸ்டாப்புல இறங்கி, வெயிலோ சாரலோ, வண்டி கண்ணுல தெரியிறவரைக்கும் நிப்பாங்களாம். தெரிஞ்சதும் அடுத்த பஸ்ல ஏறிப் போயிருவாங்களாம். அண்ணாச்சி இதைச் சொல்லும்போது கோபமா சொன்னாரா பெருமையா சொன்னாரான்னு எனக்குப் பிடிபடலை.

என்கிட்ட வரும்போது வண்டி கும்முன்னு இருக்கும். போர்டுல எழுதியிருக்கிற மாதிரி இன்ஜினைப் பளிச்சுன்னு துடைச்சுத்தான் கொண்டு வருவார், போலீஸ்காரர் இல்லையா. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியை மாத்தினேன். வயரெல்லாம் மாத்தினேன். காயிலைக் கொதிக்க வச்சுப் பார்த்தேன், ஐஸ் தண்ணியில முக்கிப் பார்த்தேன். ஒரு குத்தமும் இல்ல. "நான் எதையும் தொடலை செல்வி, எம் மக மேல சத்தியம்"னார். சத்தியம் பண்ணினா மட்டும் நம்பிருவேனா? திரும்ப ஏதோ ஸ்டிக்கர் வாங்கி ஒட்டியிருக்கார்னுதான் நினைச்சேன். ராத்திரி தூக்கம் வரலை. எனக்கு என் மீட்டரு மேலயே சந்தேகம் வந்த நாள்கள் அவை.

அந்த நேரத்துலதான் அண்ணாச்சி வந்து அடுத்ததைச் சொன்னார். புனலூர்ல பேரனுக்குக் காதுகுத்து. வர்ற வெள்ளிக்கிழமை. "அம்மா ஒரு பஸ்ல, அப்பா ஒரு கார்லன்னு தனித்தனியா வந்து இறங்காதீங்க, மாமியா வீட்டுல கேக்காங்க"ன்னு மக போன்ல அழுதிருக்கா. அண்ணாச்சி குரல் இறங்கிப் போச்சு. இந்தத் தடவையும் ஆவுடை ஏறலேன்னா வண்டியைக் கொடுத்துருதேன், சுரண்டையில ஒருத்தன் கேட்டுக்கிட்டே இருக்கான்னார். அவர் போன பிறகு நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். எங்க வீட்டுக்காரர் உள்ள இருந்து எட்டிப் பார்த்துட்டுச் சொன்னார்: "விடு செல்வி, வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை அது விரதம் இருக்கோ என்னவோ."

பொட்டு

அவர் கிண்டலுக்குச் சொன்னதுதான். ஆனா எனக்கு அதுதான் மண்டையில ஏறுச்சு. வெள்ளிக்கிழமை நிக்குதுன்னா வெள்ளிக்கிழமை காலையில அந்த வண்டிக்கு என்னமோ நடக்கு. அது நடக்கிற இடத்துக்கே போய் நின்னா என்ன? காதுகுத்து வெள்ளிக்கிழமை காலையில, அவங்க கிளம்புறதுக்கு முன்னாலயே நான் பைக்கை எடுத்துக்கிட்டுக் கடையத்துக்குப் போயிட்டேன். வானம் மூட்டமா, பொடிச் சாரல். வீட்டு முன்னால தகரக் கொட்டகைக்குள்ள பியட் நிக்குது. உள்ள குளிக்கிற சத்தம், அண்ணாச்சி.

காருக்குப் பக்கத்துல மதினி. கையில வெள்ளிக் கிண்ணம். குழைச்ச சந்தனம், பன்னீர் வாசம். நாலு டயருக்கும் பொட்டு வச்சாங்க. ஸ்டியரிங்குக்கு வச்சாங்க. நம்ம ஊர்ல வெள்ளிக்கிழமை எல்லா வீட்டுலயும் நடக்கிறதுதான், நானும் பார்த்துக்கிட்டு நின்னேன். அப்புறம் மதினி பானட்டைத் திறந்தாங்க. நேரா காயில்கிட்ட போனாங்க. அதோட வாயில சொருகியிருக்கிற ரப்பர் தொப்பி இடைஞ்சலா இருக்குன்னு அதை மேல தள்ளிவிட்டுட்டு, மத்த எல்லாத்துக்கும் ஒரு விரல்னா இதுக்கு மூணு விரலால வழிச்சு, அப்பு அப்புன்னு அப்பினாங்க. அதுக்கு மேல குங்குமம். நான் ஒரே எட்டுல பக்கத்துல போயிட்டேன்.

"மதினி, அதுல எதுக்கு வைக்கிய?"

"ஏட்டி, நீயா? நல்லா பயந்தேன் போ." கையை முந்தானையில துடைச்சுக்கிட்டே அண்ணாச்சி குளிக்கிற பக்கம் தலையைக் காட்டினாங்க. "வேற எதுல வைக்கது? எல்லாம் இந்தக் காயில்லதான் இருக்கு, இது சரியா இருந்தா வண்டி நிக்காதுன்னு, ஆயிரப்பேரியில படுத்ததுல இருந்து இவிய நாளும் பொழுதும் சொல்லுதாவ. அப்ப இதுக்குத்தான நல்லா வைக்கணும்."

"நீங்கதான் இதுல ஏறவே மாட்டியளே."

"நான் ஏறல. இவிய ஏறுதாவல்லா."

சொல்லிட்டு அவங்க சாதாரணமாத்தான் நின்னாங்க. எனக்குத்தான் அப்போ விளங்குச்சு. இந்த மனுசி வீம்புக்காகப் பஸ்ல போறாங்கன்னு ஊரே நினைச்சது, நானும் நினைச்சேன். அந்த வண்டி மேல இருந்த கோபத்தைவிட, அதுக்குள்ள உட்கார்ந்திருக்கிற ஆளுக்கு என்ன ஆகுமோங்கிற பயம் பெருசு. பயந்து பயந்து வெள்ளிக்கிழமை தவறாம அதுக்குச் சந்தனம் பூசி, அவங்களே அதை நிறுத்திக்கிட்டு இருந்திருக்காங்க. சந்தனம் சூட்டுல காய்ஞ்சதும் வண்டி ஓடும். என் கடைக்கு வரும்போது, என் போர்டுக்குப் பயந்து அண்ணாச்சி அதைத் துடைச்சு எடுத்துட்டு வருவார். பொட்டு இருந்ததை என்கிட்ட ஒரு நாளும் சொன்னதில்ல. சொல்லணும்னு யாருக்குத் தோணும்? நம்ம ஊர்ல பொட்டு வைக்கிறது தொடுறதுல சேராது.

சொல்றதைவிடக் காட்டிரலாம்னு சாவியைத் திருப்பினேன். வண்டி இருமிக்கிட்டே எழுந்துச்சு. கொட்டகைக்குள்ள வெளிச்சம் கம்மி. காயில் வாயில இருந்து ஈரச் சந்தனத்து மேல நீலமா ஒரு பொறி, டிக் டிக்னு ஊர்ந்து ஊர்ந்து பக்கத்துல இருக்கிற திருகுல போய் இறங்குது. "பாத்தியளா? பிளக்குக்குப் போக வேண்டியது, நீங்க போட்ட பாதையில இறங்கிப் போயிருது"ன்னேன். மதினி குனிஞ்சு பார்த்தாங்க. ரொம்ப நேரம் பார்த்தாங்க. வண்டி உதறி நின்னுது.

இடுப்புல துண்டோட அண்ணாச்சி வாசல்ல நிக்கிறார். எப்போ வந்தார்னு தெரியலை. "நான் எதையும் தொடலைன்னு சொன்னேம்லா"ன்னார். மெதுவாத்தான் சொன்னார். மதினி தன் முந்தானையாலயே காயிலைச் சுத்தமாத் துடைச்சாங்க. நான் ஈரம் போக உலர்த்தி, ரப்பர் தொப்பியை அழுத்திச் சொருகினேன். சாவியைத் திருப்பினதும் இன்ஜின் ஒரே சீரா ஓடுச்சு. மதினி கிண்ணத்தை வாசல்ல வச்சுட்டு வீட்டுக்குள்ள போயிட்டாங்க.

அண்ணாச்சி வேட்டி சட்டை மாத்திக்கிட்டு வந்து, சீர்த் தட்டையும் பையையும் பின் சீட்டுல வச்சார். முன் கதவைத் திறக்கலாமா வேண்டாமான்னு கைப்பிடியில கையை வச்சுக்கிட்டு நின்னார். மதினி புடவை மாத்திக்கிட்டு வெளிய வந்தாங்க. அதே பட்டுப்புடவை, அன்னைக்கு மலையில நனைஞ்சது. "பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னா நீ போ ஆவுடை, நான் பின்னால வாரேன்"னார் அந்த முன்னாள் சப்-இன்ஸ்பெக்டர். மதினி அவரைப் பார்க்காம என்னைப் பார்த்தாங்க. கிண்ணத்துல மிச்சம் ஒட்டியிருந்த சந்தனத்தை வழிச்சு அவர் நெத்தியில வச்சாங்க. "இதுல வச்சா ஒண்ணும் செய்யாதுல்லா?"ன்னு கேட்டாங்க. ஒண்ணும் செய்யாது மதினின்னேன். கதவை அவங்களே திறந்து முன் சீட்டுல ஏறி உட்கார்ந்தாங்க. அண்ணாச்சி கண்ணைத் துடைக்கிறதை நான் பார்க்காத மாதிரி பானட்டை மூடினேன்.

புளியரை மலை ஏறி இறங்கிப் புனலூர் போய்ச் சேர்ந்தாச்சு, எங்கயும் நிக்கலைன்னு மத்தியானமே போன் வந்துச்சு. அது என் வேலை, ஓடித்தான் ஆகணும். எனக்கு மனசுல நிக்கிறது காலையில கியர் விழுந்ததும் மதினி அவர்கிட்ட சொன்னது: "நேராப் போவாண்டாம். பஸ் ஸ்டாண்டு வழியாப் போங்க. அந்தக் கண்டக்டர் பாக்கட்டும்."

பழைய கார்க்காரர் எதையும் தொடலைன்னு சொன்னா இன்னும் நான் நம்புறதில்ல, ஆனா இப்போல்லாம் மீட்டரை எடுக்கிறதுக்கு முன்னால, வீட்டுல உங்க மேல உசிரா இருக்கிற வேற யாரும் தொட்டாங்களான்னு ஒரு வார்த்தை கேட்டுக்கிடுதேன்.